நீலகிரி மலைப்பாதைக்கு 90 செ.மீ. மாட்யூல்: 12.5-க்கு 1 சரிவை அப்படியே வைப்பதா, குறைப்பதா?

பதிவு 1
பாக்குத்தோப்பு (காரமடை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை செல்லும் மலை ரயில்பாதையின் ஒரு துண்டையாவது சிறிய மாதிரியாக என் வீட்டு முன்னறைச் சுவரோரம் அமைத்துவிட வேண்டும் என்பது பல ஆண்டு விருப்பம். முழு லேஅவுட்டுக்கு இடமில்லை என்பதால், 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பலகைத் துண்டுகளாக, ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்துக்கொண்டே போவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அளவுவிகிதம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதை மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. 1:87-இல் செய்தால் 12 மி.மீ. பாதை ஏறக்குறைய மிகச் சரியாகப் பொருந்தும். சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்காகச் செய்யப்படும் தண்டவாளமும், என்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்காக நடுவில் வைக்கும் பல்சட்டமும்கூட அந்த அளவில் கிடைக்கின்றன. ஆனால் 90 செ.மீ. மாட்யூலில் அப்போது 78 மீட்டர் நிலம்தான் அடங்கும், செலவும் என் சக்திக்கு மேல். 1:120-இல் மீட்டர்கேஜ் 8.3 மி.மீ. ஆகிறது. எளிதில் கிடைக்கும் 9 மி.மீ. பாதையைப் போட்டால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பிழை, நிலமோ 108 மீட்டர் கிடைக்கிறது. ஆகவே 1:120.

என் சிக்கல் சரிவு. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சட்டம் போட்ட பகுதியில் பாதை 12.5-க்கு 1 என்ற அளவில், அதாவது 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் என்று, ஏறுகிறது. அதை அப்படியே வைத்தால் ஒரே மாட்யூலில் 7.2 செ.மீ. ஏற வேண்டும், மூன்று மாட்யூல் சேர்த்தால் 21 செ.மீ.-க்கும் மேல். அட்டையை வளைத்து ஒரு சோதனைப் பாதை போட்டு, சிறிய டீசல் என்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தைக் கொண்டு மூன்று பெட்டிகளைத் தள்ளிப் பார்த்தேன். முழுச் சரிவில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. 20-க்கு 1 என்று குறைத்தபோது ஏறுகிறது. குறைத்தால் மலை ரயிலின் உயிர்நாடியையே விட்டுவிட்டதாக ஆகாதா என்பதுதான் என் கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.


பதிவு 2
மட்டப்பலகை (கோயம்புத்தூர்) எழுதியது:

தம்பி, விகிதத்தை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். சரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். மாட்யூலின் இரண்டு முனைகளும் எப்படி இருக்கப் போகின்றன? மாட்யூல் என்பது முனையிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் பிரெமோ ஆனாலும், அமெரிக்காவின் என்டிராக் ஆனாலும், ஜப்பானியப் பாதைத் துண்டுகளை அடிப்படையாகக் கொண்ட டி-டிராக் ஆனாலும், இந்த மாட்யூல் விதிமுறைகள் எல்லாம் வற்புறுத்துவது முனையைத்தான். நடுவில் மலை வைப்பதும் கடல் வைப்பதும் செய்பவர் விருப்பம், ஆனால் முனையில் தண்டவாளம் எந்த உயரத்தில், எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வருகிறது என்பது எல்லோருக்கும் ஒன்று. டி-டிராக்கில் 248 மி.மீ., 62 மி.மீ. என இரண்டு துண்டுகள் சேர்ந்து 310 மி.மீ. பாதை ஆகிறது, அடியில் உள்ள பெட்டி 308 மி.மீ.-தான். அந்த 2 மி.மீ. இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், பெட்டிகள் முட்டிக்கொள்ளாமல் தண்டவாளம் மட்டும் சேர வேண்டும் என்பதற்காக. இத்தனை நுணுக்கம் முனைக்குத் தேவைப்படுகிறது.

உங்கள் மாட்யூலின் முனையிலேயே பாதை சரிந்திருந்தால், அதே சரிவு உள்ள மாட்யூல் மட்டும்தான் அதனோடு சேரும். வரிசையை மாற்ற முடியாது, வேறு நண்பர் செய்த ஒன்றோடு இணைக்கவும் முடியாது. முனையை மட்டமாக வைத்து நடுவில் மட்டும் ஏற்றினால் எதனோடும் சேரும். ஆனால் மட்டத்திலிருந்து சரிவுக்குத் திடீரெனத் திரும்ப முடியாது. இணைப்புக் கொக்கி கழன்றுவிடும், இல்லையெனில் என்ஜினின் வயிறு தண்டவாளத்தில் உரசும். இரண்டு பக்கமும் 15 செ.மீ. மெல்ல வளைய வேண்டும். மீதி 60 செ.மீ. 20-க்கு 1 சரிவில் ஏறினால் 3 செ.மீ. கிடைக்கும். இரண்டு வளைவுப் பகுதியிலும் சராசரியாக அதில் பாதிச் சரிவு என்று கொண்டால் இன்னொரு முக்கால் செ.மீ. ஆக மொத்தம் 3.75 செ.மீ. வித்தியாசத்தைக் கால்களின் உயரத்தில் சரி செய்துகொள்ளலாம்.

இந்த வளைவைச் செதுக்க வேண்டியதில்லை. 6 மி.மீ. பிளைவுட்டில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை அறுத்து, இரண்டு முனையையும் மட்டமாகத் திருகி, நடுவில் முட்டுக் கொடுத்து உயர்த்துங்கள். பட்டை தானாகவே மிக அழகான வளைவை எடுத்துக்கொள்ளும். மரத்துக்குத் தெரிந்த அந்த வளைவை நாம் கணக்கிட்டு அறுத்தால் வராது.


பதிவு 3
சோலைநிழல் (குன்னூர்) எழுதியது:

மட்டப்பலகை ஐயா சொல்லும் தச்சு வேலையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. சரிவைக் குறைப்பதில்தான் மனம் ஒப்பவில்லை. இந்த ரயிலில் மேலேறும்போது சன்னலுக்கு வெளியே நிற்கும் மரங்கள் எல்லாம் மலைப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் சாய்ந்திருப்பது நாம்தான். கையில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தால்தான் அது புரியும். 20-க்கு 1 சரிவில் அந்த உணர்வு வருமா? ஓட முடியாவிட்டாலும் பரவாயில்லை, ரயிலை நிறுத்தியே வைத்தாலும் பரவாயில்லை, முழுச் சரிவையும் வைத்துவிடலாம் என்பது என் கருத்து.


பதிவு 4
மட்டப்பலகை (கோயம்புத்தூர்) எழுதியது:

அம்மா, நீங்கள் எதிர்ப்பாக எழுதியதிலேயே விடை இருக்கிறது. சாய்வை உங்களுக்கு உணர்த்தியது பாதை அல்ல. நேராக நின்ற மரமும் மட்டமாக நின்ற தண்ணீரும்தான். கண் சரிவைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் உள்ள செங்குத்தோடும் கிடைமட்டத்தோடும் ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் பாதையைச் சரித்துவிட்டு, அதற்கு இணையாகத் தரையையும் சரித்து, அந்தத் தரைக்குச் செங்குத்தாக மரத்தையும் தூணையும் நட்டுவிடுவார்கள். பிறகு 12.5-க்கு 1 வைத்தாலும் அது தெரியாது. முழுப் பலகையையும் யாரோ தூக்கிப் பிடித்ததுபோல இருக்கும்.

ஆகவே மாட்யூலின் நடுவில் ஒரு பாலம் வையுங்கள். இந்தப் பாதையில் 250 பாலங்கள் உள்ளன, ஆகவே அது பொய்யாகாது. கல்தூண்களைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, தூணின் கல் வரிசைகளைக் கிடைமட்டமாகக் கீறி, மேலே இரும்பு உத்திரத்தை மட்டும் சரிவாக வைத்துப் பாருங்கள். கீழே ஓடையில் ஒரு தேங்கிய குட்டை இருக்கட்டும். அதோடு முன்பக்க முகப்புப் பலகையின் மேல் விளிம்பு நிலத்தோடு சேர்ந்து ஏற, கீழ் விளிம்பு மட்டமாகவே ஓட வேண்டும். 20-க்கு 1 சரிவே போதும் போதும் என்று சொல்ல வைக்கும்.

ஓடாத மலை ரயிலை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என்ஜின் கீழ்ப்பக்கமாக நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும் காட்சி இந்தியாவில் வேறு எங்கே கிடைக்கிறது? அதைக் காட்டத்தானே இத்தனை பாடு.


பதிவு 5
ஹட்டன்வழி (இலங்கை மலையகம்) எழுதியது:

வணக்கம். நான் எங்கள் மலையகப் புகையிரதப் பாதையை மாதிரியாகச் செய்துகொண்டிருப்பவன். எங்களுடையது 5 அடி 6 அங்குல அகலப் பாதை என்பதால் கணக்கு வேறு. 16.5 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டு 1:100 விகிதத்தில் செய்தால் அகலப் பாதை ஓரளவுக்குச் சரியாக வருகிறது. சரிவிலும் எங்களுக்கு நெருக்கடி குறைவு. கூடிய சரிவு 44-க்கு 1 என்பதால் 90 செ.மீ.-க்கு 2 செ.மீ. அளவில்தான் ஏறுகிறது, அதை அப்படியே வைக்க முடிகிறது. இடத்தைச் சுருக்குவதில்தான் எங்களுக்கு நெருக்கடி. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே குகைக்குள் நுழைந்து செல்கிறது. அந்தச் சுற்றை எந்த மாட்யூலிலும் உண்மை அளவில் வைக்க முடியாது.

அதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இடத்தைச் சுருக்கலாம், பொருளைச் சுருக்கக் கூடாது. எல்ல என்னும் ஊருக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை முதலில் ஏழு வளைவாகக் குறைத்துச் செய்தேன். பார்த்த பிள்ளைகள் அனைவரும் வளைவுகளை எண்ணினார்கள். அதைக் கழற்றிவிட்டு ஒன்பது வளைவோடு மறுபடியும் செய்தேன். உண்மைப் பாலம் சுமார் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். 1:100-இல் 91 செ.மீ. நீளத்துக்குப் போகிறது. ஒரு மாட்யூல் முழுவதும் அதற்கே கொடுத்தேன், பக்கத்தில் இருந்த மலையை வெட்டிவிட்டேன். மலை சிறிதாகிவிட்டதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணா, உங்கள் மாட்யூலின் இரு முனைகளிலும் வரும் மட்டமான துண்டைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டாம். ஒரு பக்கத்தைக் குகைக்குள்ளும் மறுபக்கத்தைப் பாறை வெட்டுக்குள்ளும் மறைத்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்குச் சரிவு மட்டுமே எஞ்சும்.


பதிவு 6
பாக்குத்தோப்பு (காரமடை) எழுதியது:

ஹட்டன்வழி அவர்களுக்கு மிக்க நன்றி. பாதையில் 16 குகைகள் இருப்பதால் மேல்முனையில் ஒரு குகைவாய் வைப்பது நியாயமாகவே இருக்கும். பாலமும் முடிவாகிவிட்டது.

இப்போது நிலத்தின் அடிப்படைக்கு வருகிறேன். பெட்டியைப் பிளைவுட்டில் செய்துவிட்டு, மேலே தெர்மாகோல் பலகைகளை அடுக்கி மலையாகச் செதுக்க எண்ணியிருந்தேன். சோதனைத் துண்டில் ரப்பர் பசை தடவியதும் தெர்மாகோல் உள்வாங்கிக் கரைந்துபோயிற்று. வேறு என்ன செய்யலாம்? ஈரப்பதத்தாலும் கரையானாலும் பிளைவுட்டுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தால் நல்லது.


பதிவு 7
மட்டப்பலகை (கோயம்புத்தூர்) எழுதியது:

கரைப்பான் கலந்த எந்தப் பசையும், எந்த ஸ்பிரே பெயின்ட்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவில் காற்று புகாது என்பதால் காய்வதற்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும், அதுவரை மேலே கனம் வைத்திருங்கள். முடிந்தால் கட்டடக் கூரைகளுக்கு வெப்பத் தடையாகப் பயன்படும் எக்ஸ்பிஎஸ் பலகையை வாங்குங்கள். விலை கூடுதலானாலும், மணிமணியாக உதிராமல் கத்தியால் மரம்போலச் செதுக்க வரும். சூடான கம்பியால் அறுப்பதானால் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு அறுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 12 மி.மீ. போதும். வெட்டிய விளிம்புகளிலும் அடிப்புறத்திலும் வார்னிஷ் பூசாமல் விடுபவர்களே பெரும்பாலோர். ஈரம் நுழைவது அங்கேதான். இரு மாட்யூல்களின் முனைப்பலகைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் துளையிடுங்கள். தனித்தனியாக அளந்து துளையிட்டு, பிறகு தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகி நிற்பதைப் பார்த்து நொந்தவர்களை நான் அறிவேன்.


பதிவு 8
சோலைநிழல் (குன்னூர்) எழுதியது:

சரிவு விஷயத்தில் ஐயாவின் வாதத்தை ஏற்கிறேன். நேற்று ஒரு பலகையில் ஐஸ் குச்சிகளை நேராக நட்டு, நடுவில் ஓர் அட்டைப் பட்டையை 20-க்கு 1 சரிவில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் பாறையைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். மாதிரி ரயில் செய்யும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம்மவர்கள் மலையை அப்பளத்தை அடுக்கியதுபோலக் கிடைமட்ட அடுக்குகளாகச் செதுக்குகிறார்கள். அது படிவுப் பாறை. நீலகிரி சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆன மலை. சென்னைப் பரங்கிமலையும் அதே இனம்தான். அந்தப் பாறையில் அப்படிப்பட்ட அடுக்குகள் இல்லை. பெரிய பெரிய முண்டுகளாகப் பிளந்து, விளிம்புகள் மழுங்கி, உருண்டை வடிவமாகத் தேயும். புதிதாக வெடிவைத்து உடைத்த முகம் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம். வெயிலும் மழையும் பட்ட பழைய முகம் பழுப்பாகிவிடும். நீர் வழியும் கோடுகள் ஏறக்குறையக் கறுப்பு. மேலே உள்ள மண் செம்மண். ஆகவே பாறை வெட்டில் கீழே சாம்பல், மேலே செம்மண், இரண்டுக்கும் நடுவில் புல்லின் வேர் தொங்கும் ஒழுங்கற்ற விளிம்பு என்று செய்யுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து, அதில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் ஊற்றி எடுத்தால் இந்தப் பாறைக்கு ஏற்ற பரப்பு வரும். விளிம்புகளை ஈரமாக இருக்கும்போதே விரலால் மழுக்கிவிடுங்கள்.

ஓரிடத்தில் ஒரு மண்சரிவுத் தழும்பும் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சரிவுகளால் இந்தப் பாதையில் ரயில் நிற்பது எங்களுக்குப் பழகிய செய்தி. புதுச் செம்மண் கீறல், அடியில் குவிந்த கற்கள், ஓரத்தில் வேரோடு சாய்ந்த ஒரு மரம். இவ்வளவு போதும்.

செடிகொடிகளில் உயரத்தை மறக்க வேண்டாம். தேயிலையை எல்லா இடத்திலும் நட்டுவிடுகிறார்கள். கல்லாற்றை ஒட்டிப் பாக்குத் தோப்பு, அதற்கு மேலே மூங்கிலும் காடும், அங்கங்கே உண்ணிச்செடிப் புதர். குன்னூரை நெருங்கும்போதுதான் தேயிலைச் சரிவுகள் கண்ணை நிறைக்கின்றன. தேயிலை வேண்டுமென்றால் உங்கள் மாட்யூல் பாதையின் மேல்பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் பாக்குமரமும் தேயிலையும் சேர்ந்து நிற்கக் கூடாது.


பதிவு 9
சிற்றளவு (சென்னை) எழுதியது:

வணக்கம். தரைக்கு நான் கையாளும் முறையைப் பகிர்கிறேன். தேநீர் வடிகட்டிய சக்கையைக் காயவைத்துத் தூவினால் காட்டுத் தரையின் சருகு நிறம் மிக இயல்பாக வருகிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆகவே இப்போது பெவிகால் கரைசலிலேயே வெண்காரம் கலந்து தெளிக்கலாம் என்று எண்ணுகிறேன். பூஞ்சை, பூச்சி இரண்டுக்கும் அது தடையாக இருக்கும் அல்லவா?


பதிவு 10
மட்டப்பலகை (கோயம்புத்தூர்) எழுதியது:

தம்பி, கலந்துவிடாதீர்கள். வெண்காரம் வெள்ளைப் பசையோடு சேர்ந்தால் கரைசல் கட்டிப்பட்டு ஜவ்வுபோல ஆகிவிடும். குழந்தைகள் விளையாடும் பிசுபிசுப் பந்து அப்படித்தான் செய்யப்படுகிறது. தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், சக்கையும் ஒட்டாது. சக்கையை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, சூடான வெண்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நல்ல வெயிலில் காயவையுங்கள். ஆனாலும் பசை தெளித்த பிறகு அதே தொல்லை மறுபடியும் வரலாம். நான் சக்கையை முழுவதும் விட்டுவிட்டு, சாயம் ஏற்றிய மரத்தூளுக்கு மாறிவிட்டேன்.


பதிவு 11
பாக்குத்தோப்பு (காரமடை) எழுதியது:

இரண்டு வாரங்களில் நடந்த வேலையைத் தெரிவிக்கிறேன். சோலைநிழல் அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, முதல் மாட்யூலைக் கல்லாற்றுத் தோப்பாகவும், இரண்டாவதைப் பாலம் உள்ள காட்டுச் சரிவாகவும் பிரித்துக்கொண்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பல்சட்டம் இல்லை என்பதால் முதல் மாட்யூலில் அந்தச் செங்குத்தான ஏற்றம் தேவையில்லை. தொடக்கத்துக்கு இது பெரிய நிம்மதி.

பாக்குமரம் செய்வதற்கு என்னென்னவோ முயன்றேன். கடைசியில் வீட்டுத் துடைப்பத்திலேயே விடை இருந்தது. பாக்குமரம் அடி முதல் நுனி வரை ஒல்லியாக, நேராகப் போவது. 15 செ.மீ. குறுக்களவு உள்ள தண்டு 1:120-இல் 1.25 மி.மீ. ஆகிறது. தென்னை ஈர்க்கின் நடுப்பகுதி ஏறக்குறைய அதே பருமன். 15 மீட்டர் மரத்துக்கு 12.5 செ.மீ. துண்டு. சாம்பல் பூசி, கூரிய பென்சிலால் வளையத் தழும்புகளை இட்டு, உச்சியில் ஒரு செ.மீ. நீளத்துக்கு வழவழப்பான பச்சை பூசினால், மட்டைகள் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பச்சைக் கழுத்து கிடைக்கிறது. அதை விட்டுவிட்டால் மரம் தென்னையாகத் தோன்றிவிடுகிறது. மட்டைகளைத் தாளில் வெட்டி, மரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது ஒட்டுகிறேன்.

தோப்பில் மரத்துக்கு மரம் 2.7 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். மாட்யூலில் அது 22.5 மி.மீ. முப்பது செ.மீ. நீளமும் இருபது செ.மீ. அகலமும் உள்ள தோப்புக்கு 13 வரிசையில் 9 வீதம் 117 மரங்கள் தேவைப்படுகின்றன. இதுவரை 40 முடித்திருக்கிறேன். குறைத்து நட்டுப் பார்த்தேன், தோப்பாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோப்பின் அந்த இருட்டு, மரங்கள் நெருங்கி நின்றால்தான் வருகிறது. சில மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றியிருக்கிறேன், அது வெறும் பச்சை நூல்தான்.


பதிவு 12
ஹட்டன்வழி (இலங்கை மலையகம்) எழுதியது:

அண்ணா, ஈர்க்கு முறை மிக நன்று. எங்கள் பக்கம் கமுகு என்போம்; நானும் செய்து பார்க்கிறேன். ஒரு வேண்டுகோள். மரங்களை நேரடியாக ஒட்டிவிடாதீர்கள். ஒருமுறை என் மாட்யூலை பஸ்சில் கொண்டுசென்று இறக்கியபோது நிழல் மரங்களில் பாதி முறிந்திருந்தன. அடியில் ஒரு குண்டூசியைச் சேர்த்து, செருகி எடுக்கக்கூடியதாகச் செய்தால் பயணத்துக்கு முன் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்துவிடலாம். 117 மரம் என்றால், பத்துப் பத்தாகச் சிறு தட்டுகளில் நட்டு, அந்தத் தட்டுகளைத் தரையில் பதிப்பது இன்னும் எளிது.

பின்னொரு காலம் நீங்கள் தேயிலை மாட்யூல் செய்யும்போது பயன்படும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, மேற்பகுதியை மட்டும் தட்டையாக விட்டு, பக்கங்களைப் பிய்த்துவிடுங்கள். கொழுந்து பறிக்கும் செடியின் மேல்மட்டம் மேசைபோல இருப்பதுதான் அதன் அடையாளம். வரிசைகள் மலையின் வளைவைத் தழுவிச் செல்ல வேண்டும், மேலிருந்து கீழாக ஓடக் கூடாது. வரிசைகளுக்கு நடுவில் ஆள் நடக்கும் இடம் விட மறக்காதீர்கள். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) என்பதால், அந்த நடைபாதை இல்லாத தேயிலை மலையைப் பார்க்கும்போதெல்லாம் பறிப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.


பதிவு 13
சிற்றளவு (சென்னை) எழுதியது:

மட்டப்பலகை ஐயா, எச்சரிக்கைக்கு நன்றி. ஒரு சிறு கிண்ணத்தில் கலந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே திரண்டுவிட்டது.

சல்லிக்கு ஒரு யோசனை. ரயில் பாதையில் போடும் கருங்கல் சல்லி சுமாராக 50 மி.மீ. அளவு. 1:120-இல் அது 0.4 மி.மீ.-தான். கடைகளில் கிடைக்கும் மாதிரிச் சல்லி பெரும்பாலும் அதைவிடப் பெரிது. பாதையில் பாறாங்கற்களைக் கொட்டியதுபோலத் தெரியும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட், உடைத்த கருங்கல்தான் என்பதால் நிறமும் முனைகளும் இயல்பாகவே பொருந்துகின்றன. 600 மைக்ரான் சல்லடையில் விழுந்து, 300 மைக்ரானில் தங்குவதை மட்டும் எடுத்து, தூசி போகும் வரை கழுவிக் காயவையுங்கள். ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் உருண்டு ஓடும். தூவும் முன் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இரும்புத் துகள் இருந்தால் என்ஜின் மோட்டாருக்குள் போய்விடும்.

ஒட்டும்போது முதலில் சோப்புத் துளி கலந்த தண்ணீரை மூடுபனிபோலத் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு ஒரு பங்கு பெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து மருந்துச் சொட்டியால் விடுங்கள். நனைக்காமல் விட்டால் துளி உருண்டு நின்று சல்லியைக் குழியாக்கிவிடும். இதற்கெல்லாம் முன்பே பாதைக்கு மின்கம்பிகளைப் பற்றவைத்து, ரயிலை ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சல்லி ஒட்டிய பிறகு பழுது பார்ப்பது பெரிய துன்பம்.

நடுவில் வரும் பல்சட்டம் வெறும் தோற்றத்துக்குத்தானே? இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை அருகருகே வைத்து, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி ஒட்டினால், இந்தப் பாதையில் உள்ள இரட்டைப் பல்சட்டமான ஆப்ட் முறை என்பது தெரிந்துவிடும். தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் என்ஜினின் பற்சக்கரப் பெட்டி இடிக்கும்.


பதிவு 14
சோலைநிழல் (குன்னூர்) எழுதியது:

உண்மைப் பாதையில் பல்சட்டம் தண்டவாளத்தைவிட உயரமாகத்தான் நிற்கிறது. கீழே இறக்குவது தவிர்க்க முடியாதது என்று புரிகிறது, ஆனாலும் எண்ணெய்ப் பிசுக்கின் கருமை அதில் இருக்கட்டும். பழுப்புத் துரு நிறத் தண்டவாளங்களுக்கு நடுவில் அந்தக் கருங்கோடுதான் முதலில் கண்ணில் படும். பல்சட்டம் தொடங்கும் இடத்தை நீங்கள் இரண்டு மாட்யூல்களின் இணைப்பில் வைத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். என்ஜின் மெதுவாகப் போய்ப் பல் கவ்வும் இடம் அது. முதல் மாட்யூலின் வலது பாதியில், தோப்பு முடிந்து வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள்.


பதிவு 15
மட்டப்பலகை (கோயம்புத்தூர்) எழுதியது:

நல்ல யோசனை. ஆற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. கல்லாறு என்ற பெயரே வரைபடம்தான். தண்ணீரைவிடக் கல் அதிகமாக இருக்க வேண்டும். தண்ணீருக்காக எபாக்சி (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றுவதானால் ஒரு நேரத்துக்கு 2 மி.மீ.-க்கு மேல் ஊற்றாதீர்கள். தடிமனாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூடு அடியில் உள்ள தெர்மாகோலை உருக்கிவிடும். மழைநாளில் ஊற்றினால் மேற்பரப்பு வெளுத்துப் பால்போல ஆகும். என்னைக் கேட்டால், இவ்வளவு ஆழமில்லாத ஓடைக்கு எபாக்சியே வேண்டாம். பிளாஸ்டரில் படுகையைச் செய்து, ஆழமான இடத்துக்குக் கரும்பச்சையும் ஓரத்துக்கு மணல் நிறமும் பூசி, பளபளப்பு வார்னிஷை நான்கைந்து முறை தடவினால் போதும்.


பதிவு 16
பாக்குத்தோப்பு (காரமடை) எழுதியது:

அனைவரின் யோசனைகளையும் கொண்டு இரண்டாவது மாட்யூலின் எலும்புக்கூட்டை நேற்றோடு முடித்தேன். பிளைவுட் பட்டை மட்டப்பலகை ஐயா சொன்னதுபோலவே தானாக வளைந்தது. கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு 37 மி.மீ. ஏற்றம். பாலத்துக்கு மூன்று தூண்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொன்றையும் நேராக நிறுத்தியிருக்கிறேன். மேல்முனை குகைவாய்க்குள் மறைகிறது, கீழ்முனைக்குப் பாறை வெட்டு வரும்.

தூண்கள் இன்னும் வெறும் வெள்ளை நிறத்தில், கல் வரிசை எதுவும் இல்லாமல்தான் இருக்கின்றன. ஆனாலும் நேற்று மாலை என்ஜினைக் கீழே வைத்து மூன்று பெட்டிகளை மேலே தள்ளவிட்டபோது, என் மகள் முதலில் கேட்டது இவ்வளவு செங்குத்தாக எப்படி ஏறுகிறது என்றுதான். பெட்டிகளின் எடை குறைவாக இருப்பதால் வளைவில் முன்பெட்டி ஒருமுறை தடம் புரண்டது. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஐந்து கிராம் ஈயத்தை ஒட்டிய பிறகு அது நின்றுவிட்டது, ஆனால் இப்போது நான்காவது பெட்டியைச் சேர்த்தால் என்ஜின் திணறுகிறது. எடையை எங்கே குறைத்து எங்கே கூட்டலாம் என்பதைப் பற்றி யாராவது எழுதினால் பயனுள்ளதாக இருக்கும். அதற்குள் மீதி 77 பாக்குமரங்களை முடிக்கப் பார்க்கிறேன்.